ராஜதுரையின் முதல் அட்டை

இத்தனை காலத்துக்குப் பிறகு ஒருவன் தன்னைத் தேடி வருகிறான் என்பதில் பவுல்பாண்டியனுக்குச் சந்தோஷம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வெள்ளைச் சட்டையை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டார். மனைவி கிருபாபாய் அதைப் பார்த்துவிட்டு, முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள்.

வந்தவன் பெயர் கோமதிசங்கர். திருவேங்கடத்துக்காரன். பழைய கிரிக்கெட் அட்டைகளை வாங்கி இணையத்தில் விற்பவன். வண்டிச் சக்கரத்தில் கரிசல் மண் அப்பியிருந்தது. போனில் சொன்னதையே வாசலிலும் சொன்னான்.

"ஒங்க கார்டத்தான் அண்ணாச்சி ரொம்ப நாளாத் தேடுதேன்."

பவுல்பாண்டியன் இடது கைச் சுழல்பந்துக்காரர். மாநில அணிக்கு ஒரே ஒரு பருவம் ஆடினார். அதை வைத்து மின்வாரியத்தில் வேலை கிடைத்தது; அதிலிருந்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. அவர் ஆடிய வருஷம் ஒரு பபிள்கம் கம்பெனி, ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைப் பாக்கெட்டுக்கு ஒன்றாக வைத்து விற்றது. அவர் அட்டையில் படம் அவருடையதுதான். கீழே பெயர் மட்டும் ராஜதுரை என்று இருந்தது. ராஜதுரை அதே அணிக்குப் புதிதாக வந்திருந்த வேகப்பந்துக்காரன். அவனுக்கென்று அந்த வருஷம் வேறு அட்டை வரவில்லை.

பவுல்பாண்டியன் கம்பெனிக்கு எழுதிப் போட்டார். அடுத்த அச்சில் பெயரைச் சரி செய்தார்கள். அதற்குள் சங்கரன்கோவில் பெட்டிக்கடைகளில் தப்பான அட்டை வந்து இறங்கிவிட்டது. அகப்பட்ட பாக்கெட்டையெல்லாம் புருஷனும் பெண்டாட்டியுமாக வாங்கினார்கள். ராஜதுரையைப் பேனாவால் அடித்து, மேலே பவுல்பாண்டியன் என்று எழுதி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பபிள்கம் எங்கே என்று கேட்டன. மிச்ச அட்டைகள் பிஸ்கட் டப்பாவுக்குள் போயின.

ராஜதுரை பிறகு நாட்டுக்கே ஆடினான். பேர் வாங்கினான்.

பவுல்பாண்டியன் டப்பாவைத் திறந்து, தன் பெயர் சரியாக அச்சான அட்டைகளைத்தான் முதலில் எடுத்து வைத்தார். புதுசு போலவே இருந்தன. கோமதிசங்கர் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஓரத்தில் வைத்தான்.

"இது திருத்துனதுல்லா. இத யாரும் கேக்க மாட்டாவ."

அவன் தேடுவது முதல் அச்சு. நாட்டுக்கு ஆடியவரின் முதல் அட்டை என்றாலே ஒரு விலை உண்டு. அதில் பிழையும் இருந்து, கம்பெனியே அதை நிறுத்தியும்விட்டது என்றால் கேட்கவே வேண்டாம் என்றான். முனை மழுங்காமல், கீறல் இல்லாமல் ஒன்று கிடைத்தால் அந்தக் காசுக்குப் பழைய ஸ்கூட்டர் எடுக்கலாம். ஆனால் இந்தப் பக்கம் கிடைப்பதிலெல்லாம் யாரோ பேனாவால் எழுதித் தொலைத்திருக்கிறார்கள். குருவிகுளத்தில் பார்த்ததும் அப்படி, இளையரசனேந்தலில் பார்த்ததும் அப்படி.

கிருபாபாய் தலை நிமிரவில்லை.

"படம் என்னுது, பேரு அவனுது," என்றார் பவுல்பாண்டியன். "வெல எதுக்கு தம்பி?"

"ரெண்டும் சேரலல்லா, அதுக்குத்தான்."

அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனா பட்ட அட்டைகளையும் எடுத்து வைத்தார். கோமதிசங்கர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான்.

"இது ஒங்க கையெழுத்தா அண்ணாச்சி?"

எதற்குக் கேட்கிறான் என்பதையும் சொன்னான். வேறு யாராவது எழுதியது என்றால் அது குப்பை. படத்தில் இருப்பவரே தன் பெயரைத் தன் கையால் எழுதித் திருத்தியது என்றால் கதையே வேறு. அட்டையோடு அவரை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஆமாம் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லச் செய்தால் போதும். இனிமேல் பவுல்பாண்டியன் என்று எழுதின அட்டையைத்தான் எல்லாரும் கேட்பார்கள்.

டப்பாவில் அந்த வகைதான் நிறைய இருந்தது. பவுல்பாண்டியன் எழுத்தைப் பார்த்தார். உருண்டையாக, வரி பிசகாமல், கரும்பலகையில் எழுதிப் பழகிய வாத்திச்சி எழுத்து. அவருடைய எழுத்து கோழி கிளறினது போல இருக்கும். மின்வாரியத்தில் எல்லாருக்கும் அது தெரியும். கோமதிசங்கருக்குத் தெரியாது.

கீரை உருவும் கை நின்றிருந்தது.

"இவ எழுத்து," என்றார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"என் எழுத்தப் பாத்தா நீரே சிரிப்பீரு."

கோமதிசங்கர் அட்டையை டப்பாவுக்குள் போட்டான்.

கிருபாபாய் எழுந்து உள்ளே போய்த் தன் வேதப்புத்தகத்தோடு வந்தாள். அதில் சங்கீதப் பகுதியின் நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி மேஜையில் வைத்தாள். ராஜதுரை என்று அச்சடித்தது. பேனா படாதது. முதன்முதலாக வாங்கிய பாக்கெட்டில் வந்தது என்றாள்.

"மொகம் நல்லா விழுந்திருந்துச்சு. கிட்டக்க கோடு போட மனசு வரல."

அவ்வளவு காலமும் புத்தகத்தின் கனத்தில் கிடந்ததால் அட்டை வளையவில்லை, வெயில் படாததால் நிறம் போகவில்லை. கோமதிசங்கர் நாலு முனையையும் பார்த்தான். அதைப் பக்க அடையாளத்துக்கு வைத்திருக்கிறீர்களோ, கொடுப்பீர்களோ என்று இழுத்தான்.

"கொண்டு போங்க. மொகந்தான் இங்கன உக்காந்திருக்கே," என்றாள் கிருபாபாய்.

பவுல்பாண்டியன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்திருந்தார். மூடியும் திறந்திருந்தது. அட்டை அவர் கைக்கு எட்டும் இடத்தில் கிடந்தது. ஒரு கோடு போதும். கோமதிசங்கர் பேனாவைப் பார்த்துவிட்டான்.

"அதுல ஒண்ணும் எழுதிராதீங்க. மெட்ராஸ்ல ராஜதுரை சார்ட்ட கையெழுத்து வாங்கணும்."

"என் மூஞ்சி மேலயா?"

"ஓரமா வாங்கிருதேன் அண்ணாச்சி."

பவுல்பாண்டியன் சிரித்தார். கை நகர்ந்து, யாரும் கேட்காத அட்டைகளில் ஒன்றை இழுத்தது. அதில் தன் பெயரை மெதுவாக எழுதினார். அப்படியும் கோணலாகத்தான் வந்தது. இதையும் வைத்துக்கொள் என்று நீட்டினார். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

பணத்தைக் கிருபாபாயிடம் கொடுத்தான். ராஜதுரையின் அட்டையைக் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இறக்கி, உறையைத் துணியில் சுற்றி, பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். பவுல்பாண்டியன் எழுதிக் கொடுத்ததைச் சட்டைப் பையில் போனுக்குப் பின்னால் செருகினான். வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது அந்த அட்டை பாதி வெளியே வந்துவிட்டது.

"பாத்து தம்பி, விழுந்துரும்," என்றார் பவுல்பாண்டியன்.

கோமதிசங்கர் சட்டென்று போனைப் பிடித்துக்கொண்டான்.