மதலேனாவின் கீரைப்பாத்தி

நான் மண் பார்க்கிற ஆள். சாத்திரம் பார்க்கிறவன் என்று நினைத்து என்னிடம் உள்ளங்கையை நீட்டியவர்களும் வன்னியில் உண்டு. அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. கல்யாணம் இல்லை, பொறுமை அதைவிட இல்லை. மண்ணில் ஈயம், செம்பு போன்ற உலோகங்கள் எவ்வளவு கிடக்கின்றன, அவை பயிருக்குள் ஏறுகின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி. “பசளையில்லாமல் நெல்லுச் சாகுது, யோகநாதன் ஈயம் தேடப் போறார்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் விவசாய இலாகா மேலதிகாரி என் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

1962 மாசியில் தொடங்கினேன். அக்கராயனில் வயல் மண் எடுத்தேன், முரசுமோட்டையில் எடுத்தேன், பளையில் தென்னந்தோட்டத்து மண் எடுத்தேன். மண்ணை அமிலத்தில் ஊறவைத்து வடித்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பச்சை மருந்து ஒன்றில் சில சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். ஈயம் இருந்தால் பச்சை மாறிச் சிவக்கும். நாற்பத்தேழு குழாய் குலுக்கினேன். நாற்பத்தேழும் பச்சை. நல்ல சேதிதானே என்று நீங்கள் சொல்வீர்கள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நாற்பத்தேழு முறை எழுதிப் பாருங்கள், தெரியும்.

பங்குனியில் முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வந்தேன். பெரிய கடலுக்கும் நந்திக்கடல் என்ற உப்பேரிக்கும் நடுவே கிடந்த மணல் துண்டில், சொந்தமாக வள்ளமும் வலையும் வைத்திருந்த அந்தோனிமுத்துச் சம்மாட்டியாரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அவர், மனைவி மதலேனா, மகன் கிறிஸ்தோப்பர், மருமகள் சுசிலா. நான்கு பேர்தான். மீன்பிடிக்கிறவர் வீட்டில் நான் சாப்பிடுகிறேன் என்று தெரிந்திருந்தால் யாழ்ப்பாணத்தில் என் அம்மா பட்டினி கிடந்திருப்பா. எனக்கென்ன, மீன் குழம்பு அமிர்தமாக இருந்தது.

அந்த இடத்தில் பகலும் பாதி நித்திரைதான். வெயில் வெள்ளை மணலில் விழுந்து மேலே எழும்பும். தூரத்தில் வருகிறவர்களின் கால்கள் நிலத்தில் படாமல் வருவதாகத் தெரியும். ஒரு பக்கம் பெரிய கடல் இரைந்துகொண்டிருக்கும், மறுபக்கம் நந்திக்கடல் மூச்சுக்கூட விடாது. மத்தியானம் அறையில் கண்ணை மூடினால் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்பது மறந்துபோகும். பல நாள் குழாயைக் கையில் பிடித்தபடியே உறங்கியிருக்கிறேன். விழித்தால் பச்சை நீருக்குள் யன்னல் மிதக்கும், யன்னலுக்குள் தென்னை மிதக்கும். எழும்பவே மனம் வராது.

சுசிலாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அந்த நாலாம் மாதத்தைப் பார்த்துக்கொண்டுதான் மூச்சு விட்டார்கள். கிணறு கூடாது என்றார்கள் சிலர், வீடு நிற்கிற வளவே கூடாது என்றார்கள் சிலர். சுசிலா வாடிய முகத்தோடு சுவரைப் பிடித்து நடப்பாள். வயிறு அடிக்கடி முறுக்கும் என்பாள். மதலேனா அவளைத் தண்ணீர்க்குடம் தூக்க விடுவதில்லை, குசினிப் புகையில் இருக்க விடுவதில்லை. தன் கையாலே முளைக்கீரை பிடுங்கி, தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து, தினமும் ஒரு கோப்பை கொண்டுபோய் முன்னால் வைப்பா.

“எனக்குக் கொஞ்சம் தாங்கோவன்” என்று ஒருநாள் கேட்டேன்.

“உங்களுக்கு மீன் இருக்குத்தானே தம்பி. இது பிள்ளைத்தாச்சிக்கு. என்ர மனுசனுக்கே நான் குடுக்கிறேல்லை” என்றா.

வளவில் மற்ற இடமெல்லாம் வெறும் மணல். குசினிக்குப் பின்னால் அந்த ஒரு பாத்தி மட்டும் கறுப்பு. கீரை முழங்கால் உயரம் நின்றது. அந்த மண்ணை நான் ஆராய்ச்சிக்காக எடுக்கவில்லை. அவ்வளவு நல்ல மண்ணில் என்ன ஈயம் என்று, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சுத்தமான மண் வேண்டுமே என்று, ஒரு பிடி எடுத்தேன்.

குலுக்கினேன். பச்சை போய் இளநாவற்பழ நிறம் வந்தது, பிறகு நல்ல சிவப்பு.

எனக்கு வந்த கோபம் என் மேல்தான். மத்தியான நித்திரையில் குழாயை ஒழுங்காகக் கழுவவில்லை, விசரன், உனக்கெல்லாம் எதற்கு ஆராய்ச்சி என்று வாய்விட்டே பேசினேன். ஆறு குழாயைக் கழுவிக் காயவைத்து, மறுநாள் பாத்தியின் ஆறு இடத்தில் மண் எடுத்தேன். மதலேனா வந்து வாசற்படியில் இருந்து பார்த்தா. ஒவ்வொன்றாகச் சிவந்தது.

“வடிவாயிருக்கு தம்பி. என்னது உது?”

“ஈயம்” என்றேன். எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கே தெரியாது.

அது தவசு காலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு. அந்தக் கரையில் தவசு காலத்தில்தான் கிழிந்த வலை பொத்துவார்கள், பழைய வலையின் ஈயக்குண்டுகளைக் கழற்றி உருக்கிப் புதிதாய் வார்ப்பார்கள். உயிர்த்த ஞாயிறு கழிந்து வலை கடலில் இறங்க வேண்டும். அன்று பின்னேரம் அந்தோனிமுத்தரும் கிறிஸ்தோப்பரும் இரும்புத் தாச்சியில் ஈயம் உருக்கினார்கள். மேலே படர்ந்த ஆடையை அகப்பையால் வழித்து அடுப்புக்குள்ளே தட்டினார்கள். அடுப்பு ஆறியதும் மதலேனா சாம்பலைக் கடகத்தில் அள்ளி, நேரே போய்க் கீரைப்பாத்தியில் தூவினா. சாம்பல் கீரைக்கு நல்லது. யாருக்குத்தான் தெரியாது?

நான் அப்படியே நின்றேன். ஒரு கனவில் கத்தப் பார்த்துச் சத்தம் வராமல் நிற்பதுபோல நின்றேன். கடகம் காலியாகும்வரை என் வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன்.

அந்தக் கீரையையும் பிடுங்கி, எரித்து, கரைத்துப் பார்த்தேன். சிவப்பு. பிறகு அவவைக் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன். எனக்கு நைசாகப் பேசத் தெரியாது.

“அம்மா, உந்தச் சாம்பலுக்குள்ள ஈயம் இருக்கு. அது மண்ணுக்குப் போய், கீரைக்குள்ள ஏறியிருக்கு. ஈயம் வயித்துப் பிள்ளையைக் கரைக்கும். இனி ஒரு பிடி கீரையும் சுசிலாவுக்குக் குடுக்காதேங்கோ.”

மதலேனா அழவில்லை. சேலை நுனியைப் பிடித்து மடித்தா, விரித்தா, மடித்தா.

“அப்ப, முந்தின ரெண்டும்?”

இருபது வருடப் படிப்பில் நான் கணக்கை மாற்றி எழுதியதில்லை. பாத்தியில் ஒரு முழ ஆழத்துக்கு மண் சிவந்திருந்தது. பல வருடச் சாம்பலைக் கொத்திக் கொத்திப் புரட்டிய மண். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

“அது வேற ஏதோ. உது இந்த வருசத்துச் சாம்பல்தான்” என்றேன்.

அவ மடித்த நுனியை விட்டுவிட்டா. “சுசிலா கலியாணமாகி வந்த கிழமைதான் தம்பி நான் உந்தப் பாத்தி கட்டினனான். அவளுக்கெண்டுதான் கட்டினனான்” என்று சொல்லி எழும்பினா.

அன்றே கீரை முழுவதையும் வேரோடு பிடுங்கினா. கறுப்பு மண்ணைக் கிறிஸ்தோப்பரும் நானும் வெட்டி, ஊருக்கு வெளியே ஆழக் கிடங்கு தோண்டிப் போட்டு மூடினோம். ஈயம் வார்க்கிற அடுப்பு தூரப் பனைகளுக்கு அப்பால் போனது. சித்திரையில் நான் திரும்பும்போது சுசிலாவுக்கு நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நான் முருகனைக் கும்பிட்டேன், புனித அந்தோனியாரையும் விடவில்லை.

ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. பெண்பிள்ளை, ஞானஸ்நானத்துக்கு வாங்கோ என்று. அதன் அடியில் சுசிலா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: மாமி இன்னும் பிள்ளையைத் தொடவில்லை, உங்கள் குழாயையும் கொண்டு வாருங்கோ.

போனேன். மாரி தொடங்கியிருந்தது, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் சேர்ந்துபோய், வீடு தண்ணீரில் மிதந்து வருவதாகத் தெரிந்தது. உள்ளே பாயில் பிள்ளை கிடந்தது, கறுத்துக் கொழுத்து, சண்டைக்காரி மாதிரி முஷ்டியை மடக்கிக்கொண்டு. மதலேனா கதவோரம் கையைப் பின்னால் கட்டியபடி நின்றா. விரல்களைக் காட்டச் சொன்னேன். மணலால் உரஞ்சி உரஞ்சித் தோல் வெடித்திருந்தது.

“கை சுத்தம் அம்மா. இவ்வளவு மாதமாச்சு. தூக்குங்கோ.”

“நீங்கள் நல்ல மனுசன். நல்லதாத்தான் சொல்லுவியள்” என்றா. அசையவில்லை.

எனக்கு விளங்கியது. என் சொல் அந்த வீட்டில் ஒருமுறை பொய்த்துவிட்டது. கோப்பையில் மழைத்தண்ணீர் பிடித்து அவ கையில் ஊற்றினேன். கழுவிய தண்ணீரை வடித்துக் குழாயில் எடுத்து, பச்சை மருந்தைச் சொட்டி, மூடி, அவ கையிலேயே கொடுத்தேன்.

“நீங்களே குலுக்குங்கோ.”

குலுக்கினா. சிவந்துவிடுமோ என்று எனக்கும் பயம்தான், ஒளிப்பானேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. பச்சை. இன்னும் பலமாகக் குலுக்கினா. பச்சை. குழாயைத் திருப்பி, கவிழ்த்து, நிமிர்த்தி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றா. மழை சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது.

“இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது, என்ன தம்பி?”

“தெரியாது.”

குழாயை என்னிடம் தந்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, பாயில் காலை நீட்டி இருந்தா. சுசிலா பிள்ளையைத் தூக்கி அவ மடியில் வைத்தாள்.