தவறிப் போன பன்னிரண்டு ஜோடி

எங்கள் பள்ளியில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் அதன் நடுவில் பொறுப்பக்கா நிற்பார். பெற்றோர் சங்கத் தலைவி. "அது என் பொறுப்பு" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; சொந்தப் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எனக்கு அவரைக் கண்டாலே கொஞ்சம் எரிச்சல்தான். நான் ஒரு வேலையில் கை வைப்பதற்குள் அதை முடித்துவிட்டு, "நீ உக்காரும்மா" என்பார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு அவர் பிடித்த பிடி, ஷூ. நகரத்தின் மறுகோடியில் சிஸ்டர்கள் நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்கு வீட்டுக்கு ஒரு ஜோடி கொடுக்க வேண்டும். சிற்றாலயத்தின் பக்கவாசலில் சாக்குகளை வைத்தார். அவையும் நிரம்பி வழிந்தன.

தவக்காலத்தின் கடைசிப் பள்ளி நாளன்று, இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து ஃபாதர் செய்யும் பாதம் கழுவும் சடங்குக்குத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளும் அதே வாசலில்தான் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். பன்னிரண்டில் ஒருத்தி என் மகள்.

வீட்டில் அவளைச் சிட்டு என்போம். பிறவியிலேயே இடது கால் கட்டை. மருத்துவமனையில் அளவெடுத்து, அடியை உயர்த்திச் செய்த ஷூவை மாட்டினால்தான் நேராக நடப்பாள். இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திப் போக வேண்டும். சாயங்காலம் இடுப்பு வலியில் அழுவாள். அந்த ஷூ கைக்கு வர அரை வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தோம். வந்த பிறகும் அவளுக்கு அதன்மேல் வெட்கம். எல்லோரும் தன் காலையே பார்க்கிறார்கள் என்று பெஞ்சுக்கு அடியில் மறைத்து வைத்தே உட்காருவாள். அப்படிப்பட்டவள் ஃபாதர் முன்னால் வெறுங்காலை நீட்டச் சம்மதித்ததே எனக்குப் பெரிய விஷயம். ஃபாதர் கழுவித் துடைத்தபோது அவள் கூச்சம் தாங்காமல் சிரித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசல் துடைத்து வைத்தாற்போல இருந்தது. சாக்குகளும் இல்லை, ஷூக்களும் இல்லை.

"இல்லத்துக்கு வேனை அனுப்பியாச்சு!" பொறுப்பக்கா கைத்தூசியைத் தட்டிக்கொண்டே வந்தார். பூசை நேரத்திலும் அவருக்கு உள்ளே கால் தரிக்கவில்லை. "கடைசியா ஒரு வரிசை இருந்துச்சு பாரு, அவ்வளவு சுத்தமா தொடச்சு வச்சிருந்தாங்க. எந்த மகராசி வச்சாளோ! அதையும் அள்ளிப் போட்டு அனுப்பிட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "அக்கா, அது காலு கழுவப் போன பிள்ளைங்களோட ஷூ, அக்கா! என் பொண்ணோடதும் அதுல இருக்கு!"

அவர் முகம் பேயறைந்தது போல ஆனது. இல்லத்துக்குப் போன் போட்டார்; எடுக்க ஆளில்லை. வேன் டிரைவரும் எடுக்கவில்லை. சிட்டு சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து நின்றாள்.

"அம்மா, அதோட அடி ரொம்ப ஒசரமா இருக்குன்னு யாராவது வெட்டிட்டா என்ன பண்றது?"

தலைமை ஆசிரியை பன்னிரண்டு பேரையும் உள்ளே உட்காரவைத்துப் பிஸ்கட் கொடுத்தார். நானும் பொறுப்பக்காவும் அக்காவின் காரில் கிளம்பினோம்.

வழி நெடுக வாய்க்கு வந்தபடி பேசினேன். "அடுத்தவங்க பொருள்ல தர்மம் பண்றது ரொம்ப சுலபம்க்கா." அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு மறுபடி சுற்றி வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இல்லத்து முற்றத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். காலில் எங்கள் பள்ளிக் கறுப்பு ஷூக்கள். ஒரு பையன் படியில் ஏறுவதும் தாவிக் குதிப்பதுமாக இருந்தான், சத்தம் கேட்பதற்காகவே. நான் ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். சிட்டுவுடையது எதிலும் இல்லை.

இல்லத்துச் சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், அலமாரியிலிருந்து அந்த ஜோடியை எடுத்துவந்தார்.

"இதைத் தேடித்தானே வந்தீங்க? ஒரு பிள்ளைக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது. பெத்தவங்க இதைத் தானமா குடுப்பாங்களா? பாத்ததுமே தனியா வச்சுட்டேன். உங்களுக்குச் சொல்லலாம்னா இங்க போன் ரெண்டு நாளா வேலை செய்யல."

போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு ஷூவையும் மாரோடு அணைத்துக்கொண்டு, அடியைத் தடவித் தடவிப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. சிஸ்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பொறுப்பக்காவும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், மிச்சப் பதினோரு ஜோடி..."

"அதைத்தான் சொல்ல நெனச்சேன்," என்றார் சிஸ்டர். "தப்பா எடுத்துக்காதீங்க. வருஷா வருஷம் எல்லா இடத்துலருந்தும் வருது. முக்காவாசி எரிக்கத்தான் ஆகும். இந்தத் தடவ உங்க ஸ்கூல்லருந்து பதினோரு ஜோடி நல்லது வந்திருக்கு. பிள்ளைங்க சண்ட போடக் கூடாதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுக் குடுத்தேன்."

அவர் கை காட்டிய மூலையில் ஒரு குவியல் கிடந்தது. வாய் பிளந்தவை, நாடா இல்லாதவை, ஒற்றையாய் வந்தவை. ஒரு ஜோடி ஹைஹீல்ஸ்கூட இருந்தது. பொறுப்பக்கா அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிய விதத்தில் அது யாருடையது என்று எனக்குப் புரிந்தது. சிரிக்கப் போனேன். அதற்குப் பக்கத்திலேயே என் பெரியவனின் பழைய ஷூ கிடந்தது. முந்தின நாள் நான்தான் பசை போட்டு ஒட்டி அனுப்பினேன். பசை பாதி வழியிலேயே விட்டிருந்தது. சிரிப்பை முழுங்கிக்கொண்டேன்.

"மிச்சப் பதினோரு ஜோடின்னு ஏதோ சொல்ல வந்தீங்களே?" என்று சிஸ்டர் நினைவூட்டினார்.

பொறுப்பக்கா முற்றத்தைப் பார்த்தார். படியில் தாவிய பையன் மறுபடி ஏறிக்கொண்டிருந்தான். "அளவு சரியா இருந்துச்சான்னு கேக்க வந்தேன், சிஸ்டர்," என்றார்.

காரில் ஏறியதும் கேட்டேன்: "அது நம்ம ஷூ இல்லக்கா. குடுக்குறதுக்கு நாம யாரு?"

"தெரியுது. பிள்ளைங்ககிட்டயே கேக்குறேன். ஒருத்தர் வேணும்னு சொன்னாலும் திரும்பி வந்து வாங்கித் தர்றேன். அந்த அவமானம் எனக்கு ஆகட்டும்." எனக்கு முதல்தடவையாக அவரைப் பிடித்தது.

சிற்றாலயத்தில் பிள்ளைகள் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொறுப்பக்கா அவர்கள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், ஹைஹீல்ஸ் உட்பட.

"என் ஷூ போட்டவங்க வேகமா ஓடுறாங்களா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"ஓடுறாங்க. ஒருத்தன் படியிலருந்து தாவுறான்."

"அப்ப அது என்னோடது," என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "எங்கம்மா திட்டுவாங்களே," என்றான் ஒரு பையன். "அந்தத் திட்ட நான் வாங்கிக்கிறேன்டா ராசா. எல்லாருக்கும் வேற ஷூவும் வாங்கித் தர்றேன்," என்றார் பொறுப்பக்கா. யாருமே திரும்பக் கேட்கவில்லை. தலைமை ஆசிரியை, "இனிமே நீங்க பூசை நேரத்துல உள்ள இருங்க," என்று மட்டும் சொன்னார்.

நான் சிட்டுவின் காலடியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினேன். அடி வெட்டுப்படவில்லை என்று அவளே விரலால் அளந்து பார்த்துக்கொண்டாள். வெறுங்காலோடு மற்றவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வழக்கம்போல அவள் காலை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"உனக்கு மட்டும்தான் ஷூ இருக்கு," என்றாள் பக்கத்தில் நின்ற சிறுமி, பொறாமையோடு.

சிட்டு எழுந்து நின்றாள். காலை மறைக்கவில்லை. "வெளிய கல்லு குத்தும்," என்று அவளிடம் தோளைக் காட்டினாள். "என்னைப் பிடிச்சுக்கோ."

இருவரும் வாசல்படியில் இறங்கினார்கள். நான் இருவரின் பள்ளிப் பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.