நாமக்கோழிகள் எழும்பும் இடம்

காலையில் எழுந்ததும் மோட்டார் போடுகிறேன். படியிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துவந்து அடுப்பில் வைக்கிறேன். பல் துலக்குகிறேன். காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். கம்ப்யூட்டரைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு கலியபெருமாள் மாடியேறி வந்து கதவைத் தட்டுகிறார்.

"தம்பி, உங்க தண்ணி எங்க ஜன்னல் வழியா வருது. மழை சத்தம் வேணும்னா சொல்லு, நானே ஒரு பக்கெட் ஊத்தறேன்."

போய் நிறுத்துகிறேன். நெல்லித்தோப்பில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மோட்டாரை நிறுத்துவது என் மனைவி சரிதாவின் வேலை. தொட்டி நிரம்ப நிரம்பக் குழாயின் சத்தம் மாறும் என்பாள். எனக்கு அது பிடிபட்டதே இல்லை. 2006 மார்ச்சில் சரிதா இறந்துவிட்டாள். காய்ச்சல்.

நான் செய்வது ஒரு வகை இசை. பாட்டு இல்லை, தாளமும் இல்லை. ஏரி, முகத்துவாரம், சவுக்குத் தோப்பு என்று விடியலில் போய், அங்கே கேட்பதை மினி டிஸ்க் ரெக்கார்டரில் பதிவு செய்வேன். வீட்டுக்கு வந்து அதன் அடியில் கீபோர்டில் நீண்ட சுரங்களைப் படரவிடுவேன். கடற்கரைப் பக்கம் விடுதி நடத்தும் தேவதாஸ் தன் மசாஜ் அறைகளில் போடுவதற்கு வாங்கிக்கொள்கிறார். ஊசுடு ஏரியில் எடுத்ததுதான் அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது.

"மிசே, அந்தப் பறவைங்க எல்லாம் ஒண்ணா கெளம்புதே, அந்த எடத்துல தூங்கிக்கினு இருக்கிற வெள்ளக்காரனே கண்ணத் தொறந்துடறான்" என்பார். யாரையும் ஐயா என்னாமல் பிரெஞ்சில் மிசே என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டு வாரம் முன்பு சரிதாவின் அம்மா உழவர்கரையிலிருந்து பஸ் பிடித்து வந்தார். கொண்டுவந்த குழம்பைச் சமையலறையில் வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ள, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க அத்தை."

"அவ கொரலு எங்கனா இருக்குமா? கல்யாண சீடியப் போட்டுப் பாத்தேன். பூரா சினிமாப் பாட்டு. எம்பொண்ணு வாய அசைக்கிறா, எவளோ பாடறா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காக்கா கத்தறதெல்லாம் புடிச்சி வெச்சிருக்கீங்க. அவளும் உங்க கூடயேதான சுத்துனா. ஒரு வார்த்த இருக்காதா?"

தேடித் தருகிறேன் என்றேன். இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

தேடினேன். சரிதா வந்த இடங்களெல்லாம் இருந்தன. அவள் இல்லை. சத்தம் வரக் கூடாது என்று வண்டியிலிருந்து இறங்கும்போதே வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்வாள். கொலுசு போட்டு வரமாட்டாள். தாலி சங்கிலியோடு உரசுகிறது என்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு ரெக்கார்டர் ஓடும் நேரம் முழுக்கத் தாலியைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்றாள். பேச்செல்லாம் முன்னும் பின்னும்தான். அந்த முன்னையும் பின்னையும் அன்றன்றே வெட்டிவிடுவேன். டிஸ்க் சென்னையிலிருந்து வர வேண்டும் என்பதால் பழையதன் மேலேயே பதிவு செய்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடி வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஊசுடுவைப் போட்டு, ஹெட்போனை அவர் கொண்டைக்கு மேல் பார்த்து மாட்டினேன்.

"பேச்சு ஒண்ணும் கெடைக்கல அத்தை. ஆனா இதுல அவ எம்பக்கத்துல நிக்கிறா."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எந்த இடம் ஓடுகிறது என்பதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவைகள் கிளம்பும் அந்த இடம் வந்ததும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். ஹெட்போனைத் தூக்கினார்.

"என்னா மாப்பிள்ள அது?"

"நாமக்கோழிங்க. தண்ணி மேலயே ஓடித்தான் எழும்பும். அந்தச் சத்தம்."

"அமைதியாத்தான இருந்துது. ஏன் ஓடுது? யாருனா கல்லு வுட்டாங்களா?"

"சரிதா தும்முனா."

"எங்க? தும்மலக் காணுமே."

"வெட்டிட்டேன். தும்மல மட்டும். பறவைங்க நல்லா இருந்துது, வெச்சிக்கினேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்படியே அவங்க அப்பன். அந்த மனுசன் தும்முனா தெரு நாயி எழுந்து நிக்கும்." சிரித்தார். பிறகு கேட்டார்: "எங்க வீட்ல யாரு தும்முனாலும் நூறுன்னு சொல்லுவோம். சொன்னீங்களா?"

"ரெக்கார்டிங் ஓடிக்கினு இருந்துது அத்தை."

சொல்லவில்லை. ஏரிக்கரையில் அவளை முறைத்தேன். அவள் கவ்விய தாலியை எடுக்காமலே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்கும் சத்தம் வராமல்.

"இன்னொரு தபா போடுங்க" என்றார்.

போட்டேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. பறவைகள் ஓடத் தொடங்கியதும் முன்னால் குனிந்தார்.

"நூறு" என்றார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் சத்தமாகவே சொன்னார்.

முடிந்த பின் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில அன்னைக்கி சொன்னீங்களே, கடைசியா என்னத்தான் கூப்புட்டான்னு. எப்படிக் கூப்புட்டா? அம்மான்னா, ம்மோவ்னா? சின்னதுல ம்மோவ்னுதான் கூப்புடுவா. அத மட்டும் அவள மாரியே ஒரு தபா சொல்லிக் காட்டுங்களேன்."

அன்று வராண்டாவில் அவர் கேட்டபோது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். சரிதா யாரையும் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் பேசவே இல்லை. இல்லாத குரலை நான் எப்படிச் சொல்லிக் காட்டுவது?

"உங்களக் கூப்புடல அத்தை. பொய் சொன்னேன்."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப என்னாதான் சொன்னா?"

சொன்னேன். ஆட்டோ வந்து வாசலில் நின்றது. உடம்பு கொதித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். பாதியில் நின்று, தலையைத் தூக்கி, மேலே காது கொடுத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"மோட்டாரு ஓடுதுங்க. தொட்டி ரொம்பிடுச்சி, போயி நிறுத்திட்டு வாங்க."