எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த படம்

நெல்லித்தோப்பில் கம்ப்யூட்டர் போர்டு செய்து விற்கும் ஜோசப் ஆனந்தின் இதயம் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அந்த வாரம் சங்கரா மீன் கிலோ நானூறு ரூபாய்க்கு விற்றது. இதயம் தனியாகப் போகவில்லை. இரைப்பை, ஈரல், தலைவகிடு, கன்னத்து மச்சம், சின்ன வயதில் ஆணி ஏறிய காலின் தழும்பு எல்லாம் சத்தமில்லாமல் பக்கம் மாறி உட்கார்ந்தன. ஈசிஜி எடுத்த பெண், தான்தான் ஒயரை மாற்றி ஒட்டிவிட்டோம் என்று மறுபடி ஒட்டிப் பார்த்தாள். பிறவியிலேயே இப்படிச் சிலர் உண்டு என்றார் டாக்டர். ஜோசப்பின் மனைவி பெர்னதெத் போன வருடத்து எக்ஸ்ரேயைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். டாக்டர் இரண்டு படங்களையும் விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு கனெக்டர். புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினோரு சின்னக் கம்பெனிகள் விசைப்படகுகளுக்கும் ஐஸ் பிளான்ட்டுகளுக்கும் போர்டு செய்கின்றன. மெஷினுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து, சூடு ஏறுகிறதா என்று பார்ப்பதும் மோட்டாரை நிறுத்துவதுமாக இருக்கிற உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் அது. அதை மெஷின் பெட்டியில் செருகுகிற பல்வரிசைதான் கனெக்டர். ஒரு கம்பெனியின் பல் இன்னொரு கம்பெனியின் பெட்டிக்குப் பொருந்தாது. போர்டு பழுதானால் விற்றவரையே தேடிப் போக வேண்டும், அவர் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்தால் திரும்பி வரும் வரை படகு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டியே கிடக்கும். மீனவர்கள் ஏசிய ஏச்சில் பதினோரு பேரும் ஒரு சங்கமாகக் கூடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரே கனெக்டர், பின் என்று சொல்லும் அந்தப் பற்களில் எதில் கரண்ட், எதில் சிக்னல் என்பதற்கு ஒரே கணக்கு, ஆக மொத்தம் ஒரு தரநிலை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். தலைவராக வந்தவர் கிறிஸ்துதாஸ். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் வாயைத் திறந்தால் முதலில் ‘அப்போ’ என்பதற்கு ‘அலோர்’ என்பார், பிறகுதான் தமிழ் வரும். மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம், டீ, முட்டை பஃப்ஸ். முட்டை சாப்பிடாதவர்களுக்கு என்ன தருவது என்ற தீர்மானம் நிறைவேறவே நாலு மாதம் ஆயிற்று. கனெக்டருக்கு மூன்று வருடம் ஆனதைப் பற்றி யாரும் குறைசொல்ல முடியாது.

கடைசியில் இரண்டு வரைவுகள் நின்றன. ஒன்று ஜோசப் ஆனந்துடையது. எட்டு வருடமாக மனசுக்குள் வைத்து வளர்த்த நாற்பது பின் கனெக்டர். இன்னொன்று சங்கவியுடையது, இருபத்துநாலு பின். வீராம்பட்டினத்து மீனவர் சுப்ரமணியின் மகள் அவள், தவளக்குப்பத்தில் ஒரு ஷெட் போட்டு மூன்று பேரை வைத்து வேலை செய்கிறவள். ஓட்டெடுப்பில் ஏழு பேர் அவள் பக்கம் கை தூக்கினார்கள், நாலு பேர் இவர் பக்கம். அந்த நாலில் ஒரு கை ஜோசப்பினுடையதே. தரநிலையில் யார் பெயரும் அச்சாகாது, அது எல்லாருக்கும் சொந்தம். ஆனால் ஊர் வாயை யார் மூட முடியும்? ஓட்டெடுப்பு முடிந்த மறுநாளே கடையில் ஒருவன், ‘சங்கவி பின் வந்துடுச்சா?’ என்று கேட்டான். ‘ஜோசப் பின்’ என்று அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்று ஜோசப்புக்குத் தோன்றியது. அன்று தொடங்கியது.

அவருக்கு அவளைப் பார்த்து எல்லாவற்றுக்கும் பொறாமை. அவள் கூட்டத்தில் பேசும்போது மற்றவர்கள் பஃப்ஸ் மெல்வதை நிறுத்தியதற்குப் பொறாமை. ஷெட்டுக்கு மும்முனை மின்சாரம் சீக்கிரம் கிடைத்ததற்குப் பொறாமை. அரியாங்குப்பம் பாலத்தில் அவள் ஸ்கூட்டர் முந்திப் போனால் அன்று இரவுச் சாப்பாடு இறங்காது. ‘ஏங்க, புருஷன் எந்நேரமும் இன்னொருத்தியவே நெனச்சுக்கினு கெடக்குறாருன்னு நான் வெளிய சொன்னா, ஊரு வேற மாதிரி இல்ல நெனைக்கும்? இதுக்கு அதுவே தேவல போல’ என்றார் பெர்னதெத். அவருக்கும் கொஞ்சம் பொறாமைதான். கல்யாணமாகி இருபது வருடத்தில் ஜோசப் தன்னை இவ்வளவு கவனமாக நினைத்ததில்லை.

வரைவின் மீது கருத்துச் சொல்ல எல்லாருக்கும் இரண்டு மாதம் கெடு. கெடுவுக்குள் வாய் திறக்காதவர் ஒப்புக்கொண்டவர். மௌனம் சம்மதம் என்று நம்மவர்கள் சொல்வதைத்தான் கிறிஸ்துதாஸ் சங்க விதியாக எழுதி வைத்திருந்தார். கெடு முடிந்த பிறகு பதினோரு கம்பெனிகளும் ஆளுக்கொரு போர்டும் பெட்டியும் செய்து கொண்டுவந்து ஒன்றோடொன்று செருகிப் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த வரைவு தள்ளுபடி, அடுத்த வரைவு மேலே வரும். அடுத்த வரைவு ஜோசப்புடையது. இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் சங்கவியின் படத்தை ஈர் பார்ப்பதுபோல் பார்த்தார், ஒரு நாள் ஒரு குறை கிடைத்தது. பின்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு வரைந்திருந்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்த படம் என்று போடவில்லை. கனெக்டரைச் செருகுகிற முகத்துப் பக்கம் பார்த்தால் ஒன்று இடது ஓரம், ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கிற முதுகுப் பக்கம் பார்த்தால் அதுவே வலது ஓரம். படகின் இருட்டு எஞ்சின் அறையில் அப்பாவுக்கு டார்ச் பிடித்து வளர்ந்தவள் சங்கவி. செருகுகிறவர் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி, முகத்தைப் பார்த்துத்தான் வரைந்திருப்பாள். அது அவளுக்கு அவ்வளவு நிச்சயம், எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. வீட்டு வாசலில் ‘இது வெளிப்பக்கம்’ என்று யார் எழுதுகிறார்கள்?

பாதிப் பேர் முகத்தைப் பார்த்துச் செய்வார்கள், பாதிப் பேர் முதுகைப் பார்த்துச் செய்வார்கள், ஒன்றும் ஒன்றோடு பொருந்தாது, வரைவு குப்பைக்குப் போகும் என்று ஜோசப் கணக்குப் போட்டார். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், தவறு திருந்திவிடும். அவர் எழுதவில்லை. கெடு முடிகிற வெள்ளிக்கிழமை கடையிலேயே உட்கார்ந்து, டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடித்தது. டீ கிளாஸ் இடது கையில் இருந்தது.

அதன் பிறகு வீட்டில் அவர் இடது கையால் சோறு பிசைந்தார், அது அவருக்கு வலது கை. கோயிலில் பூசையின்போது சிலுவை அடையாளத்தை மாற்றிப் போட்டதற்குச் சாமியார் ஒரு முறை முறைத்தார், பின்பு விட்டுவிட்டார். நாளிதழைக் கண்ணாடியில் காட்டித்தான் படிக்க முடிந்தது, பெர்னதெத் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டினார். ஸ்கூட்டரைச் சாலையின் வலப்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனவரை நிறுத்திய போலீஸ்காரர், ‘இது பிரான்சு இல்ல சார், அவுங்க போயி எழுவது வருசமாவுது’ என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். மீன்கார அஞ்சலாட்சி மட்டும் முதல் நாளே பழகிவிட்டாள். ‘எந்தக் கையில குடுத்தாலும் அதே நானூறுதான், புடிங்க’ என்றாள். ஜோசப் வரைவை எடுத்துக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தார். அதில் இருந்த தவறை அந்த ஊரிலேயே அறிந்த ஒரே ஆள் அவர். இப்போது எது முகம், எது முதுகு என்று அவருக்கே குழம்பியது.

செருகிப் பார்க்கும் நாளுக்கான போர்டை யாரையும் தொடவிடாமல் தானே செய்தார். வழக்கம்போல் முதுகுப் பக்கம் பார்த்தே சால்டர் வைத்தார். ஆனால் அவருடைய இடமும் வலமும் வழக்கமான இடத்தில் இல்லை.

மே மாதம் ஒரு சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் பதினோரு பெட்டிகளும் வரிசையாக இருந்தன. புகை வரட்டும் என்று ஜோசப் காத்திருந்தார். ‘அலோர், ஆரம்பிங்க’ என்றார் கிறிஸ்துதாஸ். முதல் கம்பெனியின் போர்டு இரண்டாவது பெட்டியில் ஏறியது, பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவதில் எரிந்தது. நாலாவதிலும் எரிந்தது. ஒன்பது கம்பெனிக்காரர்களும், ஒருவர் பாக்கியில்லாமல், முதுகைப் பார்த்தே செய்திருந்தார்கள். நாள் முழுக்கச் சால்டர் புகையில் குனிந்து கிடக்கிறவர்கள், போர்டுக்கு முகம் என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு மறந்து போயிருந்தது. ஜோசப் கணக்குப் போட்ட பாதிக்குப் பாதி அங்கே இல்லை. சங்கவியின் போர்டு மட்டும் எந்தப் பெட்டியில் வைத்தாலும் விளக்கு எரியவில்லை. அவள் வரைந்த படத்துக்கு அவளுடைய போர்டே ஒத்துவரவில்லை. அவள் முகம் சிவந்தது. ஒவ்வொரு பெட்டியாக வைத்துக்கொண்டே வந்தவள் கடைசியில் ஜோசப்பின் பெட்டிக்கு வந்தாள். அதில் பச்சை எரிந்தது. ஜோசப்பின் போர்டை அவள் பெட்டியில் வைத்தார்கள், அதிலும் எரிந்தது. உலகத்திலேயே அவள் போர்டுக்குப் பொருந்திய ஒரே பெட்டி, அவள் நாசமாகப் போக வேண்டும் என்று நேர்ந்துகொண்டவருடையது.

கூட்டம் அரைமணி நேரம் கத்தியது. செருகுகிறவர் பக்கம் இருந்து பார்ப்பதுதான் சரி, இருட்டில் எண்ணிச் செருக அதுதான் வசதி என்று சங்கவி சொல்லிப் பார்த்தாள். ‘சரிதாம்மா. ஆனா ஒம்பது பேரு ஒரே மாரி தப்பு பண்ணா, அதுக்குப் பேரு தப்பு இல்ல, ஸ்டாண்டர்டு’ என்றார் கிறிஸ்துதாஸ். முதுகுப் பக்கம் பார்த்த கணக்கே தரநிலை என்று கை தூக்கி முடித்தார்கள். இப்போது அது சங்கவியின் கனெக்டரும் இல்லை, ஜோசப்பின் வரைவும் மேலே வரவில்லை. மற்றவர்கள் டீக்குப் போனார்கள். சங்கவி நேராக அவரிடம் வந்தாள்.

‘ஒங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லண்ணே?’

‘தெரியும்.’

‘ஒரு வார்த்த சொல்லியிருந்தா?’

‘சொல்லியிருந்தா ஒழுங்கா ஆயிருக்கும். ஒழுங்கா ஆச்சுன்னா அது ஒன்னுது ஆயிடும்’ என்றார் ஜோசப்.

‘இப்ப யாருதுமே இல்லாமப் போச்சே’ என்றாள் அவள். அழவில்லை, போர்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் உடம்பு திரும்பிவிடும் என்று ஜோசப் எதிர்பார்த்தார். பெர்னதெத்தும் வாசலிலேயே நிறுத்தி மார்பில் காதை வைத்துப் பார்த்தார். வலப்பக்கம்தான் அடித்தது. தரநிலை வெளிவந்தது. இரண்டே வருடத்தில் அறுநூறு படகுகளில் அந்தக் கனெக்டர் ஏறியது. இனிமேல் திருத்த முடியாது, திருத்தினால் கடலில் இருக்கிற பழைய போர்டெல்லாம் என்ன ஆவது என்றார் கிறிஸ்துதாஸ். உடம்புக்கும் அதே விதிதான் என்று ஜோசப் எடுத்துக்கொண்டார். சட்டைக்குப் பொத்தான் மாற்றித் தைக்கக் கொடுத்தார். சங்கவி தன் பெட்டியையும் போர்டையும் உடைக்க மனம் வராமல் அப்பாவின் படகிலேயே மாட்டினாள். ஜோசப் தன்னுடைய போர்டை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்தார். அந்த ஒரு படகுக்கு உலகத்தில் இருந்த ஒரே மாற்றுப் போர்டு அது. படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் அவர் தேங்காய்த்திட்டுக்குப் போய்ச் சுப்ரமணியிடம் போர்டு எப்படி என்று கேட்பார். ஓடுது என்பார் சுப்ரமணி. அது ஓடுவதற்கும் ஜோசப்புக்குப் பொறாமை. என்றைக்காவது நிற்கும், அன்று தன்னிடம் வந்து நிற்பாள் என்று ஆசையாகக் காத்திருந்தார்.

போன வருடம் ஜூன் மாதம் நின்றது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் கிளம்புகிற அன்று காலை, உப்பு ஏறிய போர்டு செத்துப்போயிருந்தது. புதிது செய்ய அவகாசமில்லை. முதல் நாள் கடலைத் தவறவிட்டால் இரண்டு மாதம் வலை காய்ந்த வீட்டுக்கு அது தாங்காது. சங்கவி ஜோசப்பின் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலே கேட்டாள். ‘அந்தப் போர்டு இருக்கா?’

அலமாரி கடைக்குப் பின்னால் வீட்டுக்குள் இருந்தது, தெருவிலிருந்து தெரியாது. இப்போதும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முன்பும் இப்படித்தான் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அடுப்படியிலிருந்து பெர்னதெத் எட்டிப் பார்த்தார்.

‘இருக்கு’ என்றார் ஜோசப்.

எடுத்து வந்து தன் கையால் நீட்டினார், அது இடது கை. நம் ஊரில் இடது கையால் கொடுப்பது அவமரியாதை, எதிரே நிற்பவர் முகம் சுளிப்பார். சங்கவி சுளிக்கவில்லை. வலது கையை நீட்டினாள். எதிரெதிரே நிற்கிற இரண்டு பேர் வலது கைக்கு வலது கை கொடுத்தால் கைகள் குறுக்கே போகும். இவர்களுடையது நேராகப் போய் நேராகச் சேர்ந்தது.

‘இனிமே எங்கப்பா போட்ல ஒங்க போர்டுதான் ஓடும்’ என்றாள். ‘எனக்குத்தாண்ணே வயிறு எரியுது.’ ஸ்கூட்டர் அரியாங்குப்பம் பக்கம் பறந்தது. அன்று சுப்ரமணியின் படகு மற்ற படகுகளுக்குக் கொஞ்சம் பின்னால் கடலுக்குப் போனது.

அந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஜோசப் இத்தனை வருடம் காத்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு, கனெக்டரை முகத்துப் பக்கம் பார்த்து வரைய அவளுக்கு மட்டும் எப்படித் தோன்றிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

‘இன்னும் எரியுதா?’ என்று கேட்டார் பெர்னதெத்.

‘எரியுது.’

‘எந்தப் பக்கம்?’

‘வலது பக்கம்.’

‘அப்ப எல்லாம் அதது எடத்துலதான் இருக்கு’ என்று சொல்லி, பெர்னதெத் மோர் டம்ளரை அவருடைய இடது கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். சங்கரா அந்த வாரம் கிலோ நானூற்றைம்பது.