நிரக்குக் கடை

1918-ஆம் வருஷம் ஐப்பசியில், ஆழ்வார்குறிச்சிச் சந்தையின் கீழ்க்கோடியில், ஒரே இரவில் ஓர் அரிசிக் கடை முளைத்தது. ஓலைக் கூரை, பலகை, அளக்கும் படி எல்லாம் இருந்தன. கடைக்காரர் மட்டும் இல்லை. பலகையில் ரூபாயை வைத்தால் படி தானே எழுந்து, ஆறு முறை அளந்து கொட்டிவிட்டுப் பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

முளைத்த காரணம் ஊருக்குத் தெரியும். மழை பொய்த்து, வயல் வேலை நின்று, அரிசி ரூபாய்க்கு நாலு படியாகியிருந்தது. தாலுகா கச்சேரி வாரந்தோறும் ஒட்டும் விலையை நிரக்கு என்பார்கள். அது ஆறு படி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்துக்குக் கீழே இறங்கினால் சர்க்கார் குளத்து வேலை திறந்து கூலி கொடுத்தாக வேண்டும். மேலிடத்துக்கு அது பிடிக்காது. ஆகையால் தாசில்தார் கிருபைராஜ் ஆறு என்று எழுதினார். வேலையில்லாதவர் எத்தனை என்ற இடத்தில் எவருமில்லை என்று எழுதினார். பாளையங்கோட்டையில் படித்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நடவு வேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த சந்தனமாரி, ஒருநாள் சந்தையில் அவர் குதிரையை மறித்தாள்.

"அய்யா, ஆறு படி போடுத கடை எங்கன இருக்குன்னு சொல்லுங்க. நாங்களும் போயி வாங்கித் திங்கோம்லா?"

"காயிதத்துல இருந்தா எங்கயாவது இருக்கத்தான் செய்யும். தேடிப் பாரு" என்றார் கிருபைராஜ்.

மறுநாள் காலையில் கடை இருந்தது.

அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தது. உலையில் கொதித்தது, மணத்தது, இலை நிறைய விழுந்தது. உண்டு எழுந்தால் வயிறு உட்கார்ந்தபோது இருந்தபடியே இருந்தது. எறும்பு அதைத் தொடவில்லை. வைத்த ரூபாய் பொழுது சாய்வதற்குள் வைத்தவர் மடிக்கே திரும்பி வந்துவிடும். அந்த வகையில் நேர்மையான கடை. எங்கள் வீட்டுச் சின்னப் பெண் லில்லி அந்தச் சோற்றைச் சில நாள் ஆசையாகச் சாப்பிட்டாள். கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போனபோது அவள் பெட்டியில் கனமே இல்லை.

கச்சேரியிலிருந்து குமாஸ்தா வந்து கடையைப் பார்த்து, நிரக்கு சரி என்று எழுதிப் போனார். குளத்து வேலை திறக்கவில்லை. சந்தனமாரியின் கடைசிப் பிள்ளை நடப்பதை நிறுத்தியிருந்தது.

கார்த்திகையில் கிருபைராஜ் ஊரில் ஐந்து நாள் முகாம் போட்டார். முகாமுக்கு வேண்டிய அரிசியை நிரக்கு விலைக்கு ஊர்தான் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். ஒவ்வொரு தடவையும் ஊர் மளிகைக் கடைக்காரர் தளவாய் தன் நஷ்டத்தில் அளப்பார். இந்தத் தடவை சந்தனமாரி ஓலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்குக் கைக்காசைப் போடுதீய? சர்க்கார் வெலைக்குச் சர்க்கார் கடையே இருக்குலா. நான் வாங்கியாரேன்."

தளவாய்க்குப் புரிய இரண்டு வெற்றிலை மெல்லும் நேரம் ஆயிற்று. பிறகு சிரித்தார்.

கிருபைராஜின் சமையல்காரர் அந்த அரிசியைப் பொங்கினார். நெய்யும் குழம்பும் நல்லவைதான். அந்தச் சோற்றோடு சேர்ந்ததும் அவையும் காற்றாயின. தாசில்தார் மறுசோறு கேட்டார், மறுபடி கேட்டார். முகாம் முடிகிற காலையில் அவரால் குதிரைமேல் ஏற முடியவில்லை. அங்கவடியில் கால் வைத்தபடி நின்றார்.

"இது என்ன அரிசி வே?" என்றார் தளவாயிடம்.

தளவாய்க்கு முந்திச் சந்தனமாரி பதில் சொன்னாள். "உங்க அரிசிதான் அய்யா. சுத்தமா ஆறு படி. எம்பிள்ளையும் இதைத்தான் திங்குது."

கிருபைராஜ் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தார். குதிரைச் சேணத்தின்மேல் காகிதத்தை வைத்து, நாலு என்று எழுதினார். எவருமில்லை என்பதை அடித்துவிட்டுத் தெருத் தெருவாக வேலையில்லாத ஆட்களை எழுதச் சொன்னார். எழுத்து இந்தத் தடவை கோணலாக விழுந்தது. அதன்பின் தளவாய் கொண்டுவந்த பழைய சோற்றை நின்றபடியே குடித்தார். அடுத்த வாரம் குளத்தில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. சந்தனமாரி முதல் கூடை மண் சுமந்தாள். தைக்குள் அவள் பிள்ளை நடந்தது.

கடை போய்விடவில்லை. கிருபைராஜ் மாற்றலாகிப் போன பிறகும், நிரக்கு மாறும்போதெல்லாம் தன் அளவை மாற்றிக்கொண்டு அங்கேயே இருக்கிறது. அதன் நிழலில் கன்றுகளைக் கட்டுகிறோம். வெளியூர்க்காரர் யாரும் விசாரித்தால் வழி சொல்கிறோம். அதற்கு முன்னால் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டுவிடுகிறோம்.