தொட்டுப் பார்த்தேன்

தீயைக் கண்டறிந்த நாளிலிருந்தே மனித குலம் மரணத்தின் வாசலில் ஒரு காவலனை நிறுத்திவைக்கத் தவித்துவந்திருக்கிறது. அந்தக் காவலன் இன்று நம் சட்டைப்பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டான். 'உயிர்த்துணை' என்ற ஆம்புலன்ஸ் செயலியைப் பற்றி அண்ணன் தன் இணையப் பக்கத்தில் இப்படித்தான் தொடங்கியிருந்தான். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். இப்போது அந்தக் காவலன் அப்டேட் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாதி வந்திடுச்சு," என்றான் அண்ணன்.

தங்கை அவள், கட்டிலில் மண்டியிட்டு, அப்பா பின்னால் சாய்ந்துவிடாமல் அவர் முதுகுக்குத் தோள் கொடுத்திருந்தாள். அப்பா விளிம்பில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் மெத்தையில் ஊன்றியிருந்தார். ஆழ்கிணற்றில் வாளி இழுப்பதுபோல ஒவ்வொரு மூச்சையும் இழுத்தார். பாதி வழியில் வாளி நழுவியது. உதடுகள் மை தொட்ட நிறத்துக்கு வந்திருந்தன.

பொது ஆம்புலன்சுக்கு அவள் முதலிலேயே பேசிவிட்டாள். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். வீடு மூன்றாவது மாடி. ஆயுசு முழுக்க ஊரார் லிஃப்டுகளைப் பழுதுபார்த்த மனிதர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருந்தார். ஸ்ட்ரெச்சரும் தூக்க இரண்டு ஆளும் இல்லாமல் அவரைக் கீழே இறக்க முடியாது. அண்ணன் ஓர் ஆள்தான். ஆனால் கீபோர்டைவிடக் கனமான எதையும் அவன் தூக்கி அவள் பார்த்ததில்லை.

அவனுடைய பக்கத்துக்குப் பெயர் 'தொட்டுப் பார்த்தேன்'. படத்தை அழகாக்கும் தளம், தூக்கத்தை அளக்கும் செயலி, கடிதம் எழுதித் தரும் இயந்திரம் என்று இணையத்தில் எது புதிதாக வந்தாலும் இலவசக் காலம் முடிவதற்குள் தொட்டுப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுவான். கட்டுரையின் கடைசியில், இது என் தனிப்பட்ட அனுபவம் மட்டுமே என்று, நீதிபதி பேனாவை முறிக்கிற கம்பீரத்தோடு ஒரு வரி இருக்கும். வாசகர்களுக்கு அவன் சொல்லிவந்த முதல் பாடம்: உண்மை விவரம் கொடுப்பவன் ஏமாளி. எங்கே பதிவு செய்தாலும் பெயர் என்ற இடத்தில் 'டெஸ்ட்' என்று போடுவான். அப்பா பெயர் கேட்டால் அதற்கும் 'டெஸ்ட்'. பிறந்த தேதி, திரை முதலில் எதைக் காட்டுகிறதோ அது. பெரும்பாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஜனவரி ஒன்று. ஆணா பெண்ணா என்பதிலும் பட்டியலில் முதலில் எது இருக்கிறதோ அது.

தொலைபேசி எண்ணை மட்டும் பொய்யாகக் கொடுக்க முடியாது. கடவுச்சொல் அதற்குத்தான் வரும். அந்த இடத்தில் அவன் அப்பாவின் எண்ணைக் கொடுத்தான். விளம்பரத் தொல்லை தனக்கு வராது பாருங்கள் என்று கட்டுரையிலும் பெருமையாக எழுதினான்.

அப்பாவுக்கு அது தொல்லையாக இருக்கவில்லை. ஓய்வு பெற்றபின் அவரைத் தேடி வந்தவை அவைதான். ஒன்றுவிடாமல் திறந்து சத்தமாக வாசிப்பார். ஒவ்வொரு புத்தாண்டு காலையும் 'டெஸ்ட் டெஸ்ட் அம்மையாருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று வரிசையாக வந்து குவியும். இந்த வருடம்கூட, "நூத்தி இருபத்தஞ்சு முடிஞ்சுதாம்மா. இந்த அம்மாவுக்கு ஒரு டீயாவது போடேன்," என்று அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

அப்டேட் முடிந்தது. செயலி புதிதாகப் பிறந்ததுபோல, நீங்கள் யார் என்று கேட்டது. அண்ணன் எண்ணை அடித்தான். தலையணைக்கு அடியில் அப்பாவின் போன் கடவுச்சொல்லோடு சிணுங்கியது.

அதைத் திறக்க அப்பாவின் கட்டைவிரல் வேண்டும். அவள் அந்த விரலைப் பிடித்துத் துடைத்துத் திரையில் வைத்தாள். வியர்வையில் அது ஏற்கவில்லை. மறுபடி துடைத்து வைத்தாள். திறந்ததும் போன் நழுவி அப்பாவின் மடியில் விழுந்தது. அவரே குனிந்து பார்த்தார். மகன் காத்திருக்கிறான் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

"நாலு," என்றார். வாளி ஒரு முறை மேலே வந்து நழுவியது. "ஏழு."

"அப்பா, நீங்க பேசாதீங்க. அண்ணா, நீ வந்து பாரு."

"ரெண்டு," என்றார் அப்பா.

நான்காவது எண்ணுக்கு மூச்சு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அண்ணனின் திரை அறிவித்தது. மீண்டும் அனுப்பவா என்று மரியாதையாகக் கேட்டது. இம்முறை அண்ணனே அப்பாவின் மடியிலிருந்து படித்து அடித்தான். வரைபடம் விரிந்தது. சின்ன வெள்ளை வண்டி ஒன்று முளைத்து அவர்கள் தெருவை நோக்கி நகர்ந்தது.

"பாத்தியா?" என்றான். குரலில் கட்டுரையின் வாடை வீசியது. "ஏழே நிமிஷம். நான் எழுதியிருந்தேனே."

வண்டி கடைத்தெரு முனை வரை வந்தது. அங்கே கொஞ்சம் யோசித்தது. பிறகு திரும்பி, வந்த வழியே போய்விட்டது. உங்கள் முன்பதிவு ரத்தாகிவிட்டது, எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி.

நெட்வொர்க் கோளாறு என்றான். மறுபடி பதிந்தான். இந்த முறை வண்டி முளைக்கவே இல்லை. உதவி என்ற பொத்தானை அழுத்தினால், 'வணக்கம் டெஸ்ட்! நான் உங்கள் தோழி' என்று ஓர் இயந்திரம் பேச்சுக்கு வந்தது. மூச்சுத் திணறல் என்று தட்டினான். மூச்சுப் பயிற்சி பற்றிய காணொளிகளை அனுப்பியது. அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை திரையில் விழுந்து, தானாகவே ஏதோ ஒரு காணொளியைத் திறந்தது. கடலோரத்தில் ஒரு பெண் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். மெதுவாக உள்ளே இழுங்கள் என்றாள்.

எப்படியோ ஒரு மனிதக் குரல் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

"சார், இது டெஸ்ட் அக்கவுண்ட்னு காட்டுது," என்றாள் அந்தப் பெண்.

"பேருதாங்க அப்படி. ஆளு நிஜம். எங்கப்பா."

"போன மாசம் இதே அட்ரஸுக்கு ரெண்டு தடவை வண்டி கூப்பிட்டிருக்கீங்க சார். ரெண்டு தடவையும் தெருமுனைக்கு வந்ததும் கேன்சல் பண்ணியிருக்கீங்க. அதான் சிஸ்டம் பிளாக் பண்ணியிருக்கு. என்னால அதைத் தாண்ட முடியாது. வேற நம்பர்ல புதுசா ஓப்பன் பண்ணுங்க."

ஏழு நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் இதுவரை யோசித்ததில்லை. அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

அப்பா தலையைத் தூக்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்து அண்ணன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"கட்டுரை... நல்லாத்தான்டா இருந்துச்சு," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவள் அண்ணனை இழுத்துக் கட்டிலில் தன் இடத்தில் உட்காரவைத்து, அவன் தோளை அப்பாவின் முதுகுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள். தெருவில் சலவைக்கடை வேன் ஒன்று நின்றிருந்தது. டிரைவரிடம் என்ன சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கு நினைவில்லை. அவனும் துணி கொடுக்கவந்த இன்னொருவனும் மேலே ஏறி, பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து, திருப்பத்துக்குத் திருப்பம் "பாத்துண்ணே, பாத்துண்ணே" என்றபடி இறக்கினார்கள். அண்ணன் பின்னாலேயே அப்பாவின் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்று அவன் தூக்கியது அதுதான்.

வேனுக்குள் யார் யாருடையவோ சட்டைகளும் கோட்டுகளும் கம்பியில் தொங்கின. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவை அப்பாவின் முகத்தை உரசிக் கடந்தன. அவள் ஒரு கையால் துணிகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். கடைத்தெரு முனையைத் தாண்டும்போது வாளி மேலே வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மூக்கருகில் புறங்கையை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். பிறகும் துணிகளை ஒதுக்கியேதான் பிடித்திருந்தாள்.

முன்சீட்டில் அண்ணன், "புது அக்கவுண்ட் ஓப்பன் ஆயிடுச்சு," என்றான்.

ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவில் 'உயிர்த்துணை'யின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கவுண்டரில் இருந்தவர் நிமிராமல் நோயாளியின் போன் நம்பர் என்றார். அண்ணன் சொன்னான். அப்பாவின் எண், உண்மையான எண். கணினித் திரையில் கட்டங்கள் தாமாகவே நிரம்பின.

"எல்லாம் முன்னாடியே இருக்கு சார், வேலை மிச்சம்," என்று அவர் ஒரு மணிக்கட்டுப் பட்டையை அச்சிட்டு உள்ளே அனுப்பினார். செயலியில் ஒருமுறை பதிந்தால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஆயுளுக்கும் போதும் என்று அண்ணன் அந்த வசதியையும் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தான்.

டாக்டர் வெளியே வந்து சொன்னது அவளுக்கு வேனிலேயே தெரிந்திருந்தது. தலையசைத்தாள்.

வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அப்பாவின் செருப்பில் ஒன்று அண்ணன் மடியில் இருந்தது. மற்றது வேனோடு போய்விட்டிருந்தது. அவன் வெகுநேரம் அந்தச் செருப்பின் வாரையே நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது தடவை கேன்சல் பண்ணும்போது, ஸாரின்னு டைப் பண்ணேன்," என்றான்.

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "டெஸ்ட். டெஸ்ட்," என்றது ஒரு பெண் குரல்.

காத்திருந்தவர்களில் யாரும் அசையவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர், காலையிலிருந்து இந்த மைக் சரியில்லை என்று யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டார்.

"டெஸ்ட் டெஸ்ட்," என்றது மறுபடி. "பாடியை வாங்குறவங்க கவுண்டருக்கு வாங்க."

நாற்காலிக்காரர் வாயை மூடிக்கொண்டார். எல்லாரும் யார் எழுகிறார்கள் என்று பார்த்தார்கள். அவள் எழவில்லை. அண்ணன் செருப்பை நாற்காலியில் வைத்தான். மறுபடி எடுத்துக்கொண்டான். பள்ளியில் ஆஜர் சொல்லும் பையனைப்போல அரைகுறையாகக் கையைத் தூக்கியபடி எழுந்து நடந்தான். அவளும் பின்னால் போனாள்.

பெயரைத் திருத்த வேண்டும் என்றான். திருத்தலாம், ஆனால் சம்பந்தப்பட்டவர் அடையாள அட்டையோடு நேரில் வந்தால்தான் சிஸ்டம் அனுமதிக்கும் என்றார் கவுண்டர்காரர். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. தாளை அண்ணன் பக்கம் மெல்ல நகர்த்திவைத்தார்.

அண்ணன் கையெழுத்திட்டான். டெஸ்ட் டெஸ்ட், பெண், வயது நூற்று இருபத்தைந்து. உடலைப் பெற்றுக்கொண்டவர், மகன்.