டாஃப்னி மதினியின் சுவர்

காலையில் பஸ் ஓட்டி நோயாளிகளைக் கிளினிக்கில் இறக்கிவிடுவேன். மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். துக்க வீட்டுக்குப் போர்வையும் டீத்தூளும் சேர்ப்பதும் நான்தான். இத்தனைக்கும் நடுவில் என்னை ஓவியர் என்கிறார்கள். சிட்னியில் என் படத்தை வாங்கி மாட்டியவர்கள் யாரும் என் முதுகுவலியைப் பார்த்ததில்லை.

பாலைவனத்து நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு டயாலிசிஸ் மெஷின் வந்தபோது, அந்த அறைச் சுவரில் என் அப்பாவின் பூமியை வரையச் சொன்னார்கள். ஒரே ஆளுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். என் அத்தை மகள் டாஃப்னி மதினி அந்த மெஷினுக்காகவே ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, டவுனில் மூன்று வருடமாகக் கிடந்தாள்.

அப்பாவின் பூமி எனக்குச் சொந்தம். ஆனால் எங்கள் பழங்குடி முறைப்படி, அதை வரையும்போது அத்தை பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கோட்டுக்கும் சரி சொல்ல வேண்டும். மதினியோ டவுனில். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. போனில் கேட்டேன்.

"மதினி, ஊற்று, மணல்மேடு, மேற்கே போற தடம். போடட்டுமா?"

மெஷினில் படுத்திருந்தவள் அரைத்தூக்கத்தில் "ம்" என்றாள். அதை வைத்துக்கொண்டு ஏழு வாரம் வரைந்தேன். திமிர் இல்லை, அலுப்பு. அலுத்துப்போனவளுக்கு ஒரு "ம்" போதுமாக இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை விமானத்தில் மதினி வந்து இறங்கினாள். கம்பை ஊன்றிக்கொண்டு அறைக்குள் வந்தவள், சுவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை யாருடி போடச் சொன்னது?"

"நீங்கதான் மதினி. போன்ல 'ம்'னீங்க."

"மெஷின்ல கிடக்கிறப்போ நாய் கடிச்சாலும் 'ம்'னுதான் சொல்வேன்." உதட்டைக் குவித்து மூலையைக் காட்டினாள். "அது ஆம்பளைங்க சடங்கு இடம், பொம்பளை கண்ணுல படக்கூடாது. போகாதேன்னு உங்கப்பா லாரியிலருந்து காட்டின இடம். அதையா ஊரே பார்க்கப் போட்டு வச்சிருக்க?"

"மூலையை மட்டும் அழிச்சிடறேன்."

"தடமெல்லாம் அங்கதானே போகுது? மொத்தமும் தப்பு. இதுக்குக் கீழ நான் படுக்கமாட்டேன். நாளைக்கே டவுனுக்குத் திரும்பிப் போறேன்."

போங்களேன், அங்கேயே கிடந்து சாவுங்க என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் கால்களைப் பார்த்தேன். பொதபொதவென்று வீங்கியிருந்தன. செருப்பு கையில் இருந்தது. இறங்கியதுமே கழற்றியிருக்கிறாள், சொந்த மண்ணில் வெறுங்காலோடு நடக்க.

சாயங்காலத்துக்குள் சுவர் முழுக்கச் சிவப்பு அடித்தேன். ஏழு வாரத்தை அழிக்க மூன்று மணி நேரம் ஆனது. அழுதுகொண்டேதான் அடித்தேன்.

"வெள்ளிக்கிழமை மந்திரி வர்றாங்க, கிளெனிஸ்!" என்று நர்ஸ் ஹீதர் தலையில் கை வைத்தாள்.

"வெறுஞ்சுவத்தைப் பார்த்துட்டுப் போகட்டும்."

மறுநாள் மதினி அந்தச் சிவப்புச் சுவருக்கு எதிரில் படுத்தாள். ஊசி குத்தி, மெஷினை ஓடவிட்டார்கள். நான் ஓசைப்படாமல் நழுவப் பார்த்தேன்.

"எங்கடி ஓடுற? நாலு மணி நேரம் நான் அசைய முடியாது. நீயும் அசையாத. எடு பிரஷ்ஷை."

அப்படித்தான் ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று நாள். "கொஞ்சம் கீழ. ம்ஹூம், அது மணல்மேடா, உன் மாமியார் முதுகா?" என்பாள். அவளுக்கு ஒரு கப்புக்கு மேல் டீ கூடாது என்பதால் என் கப்பை வேறு முறைத்துக்கொண்டே இருப்பாள். அவள் கண் மூடினால் நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட வேண்டும். அவள் பார்க்காத கோடு இனி இந்தச் சுவரில் கிடையாது.

முதல் மாதம் ஊற்று வந்தது. இரண்டாவது மாதம் மணல்மேடு வந்தது. இந்த மாதம், அந்த மூலைப் பக்கம் போகாத தடம் ஒரு சாண்தான் வந்திருக்கிறது. மதினி இப்போதெல்லாம் அதிகம் தூங்குகிறாள். ஊசி ஏறினதும் கண் செருகிவிடுகிறது.

"பாதிச் சுவரா இருந்தாலும் அழகாத்தான் இருக்கு. நீங்களே முடிச்சிடலாமே?" என்றாள் ஹீதர், நல்ல மனசோடுதான்.

பிரஷ்ஷில் பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. நாற்காலியை மதினி பக்கத்தில் இழுத்துப் போட்டு, வீங்கிய அந்தக் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"மதினி, கண்ணைத் திறங்க. இன்னும் பாதி இருக்கு."